பராமரிப்பாளர் இருவர்

பிப்ரவரி 10, திங்கள்

இதை யாரிடமும் சொல்லக் கூடாது. கணினியிலும் குறித்து வைக்கக் கூடாது. தாளில் எழுதலாமா என்று விதியில் ஒன்றும் இல்லை, அதனால் எழுதுகிறேன். காலையிலிருந்து சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார ஒரு காரணம் வேண்டும்.

போலந்திலிருந்து மார்த்தா என்ற பெண் மடல் அனுப்பியிருக்கிறாள். கணினிகளில் ஓட்டை தேடுவது அவள் தொழில். எங்கள் பகுதியில் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். பெரியது.

எங்கள் பகுதி என்றால் என்னவென்று போன மாதம் வக்கீலம்மாவுக்கு விளக்க வேண்டி வந்தது. கணினியை இயக்கும் மென்பொருளின் அடித்தளத்தில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். அதற்குள் ஒரு மூலை எங்களுடையது. ஒரு கணினியில் உள்ள கோப்புகளை வலையில் உள்ள மற்றக் கணினிகள் தங்களுடையதைப் போலவே திறக்க, சேமிக்க வழி செய்வது. அந்த மூலைக்குப் பராமரிப்பாளர்கள் இரண்டு பேர். "இதுக்கெல்லாம் சம்பளம் தருவாங்களா?" என்றார் வக்கீலம்மா. நான் வேலை பார்க்கும் நிறுவனம் கோப்புப் பெட்டிகள், அதாவது கோப்புகளைச் சேமிக்கும் சின்ன சர்வர்கள், விற்கிறது, அந்தப் பெட்டிக்குள் ஓடுவதே இதுதான், அதனால் தருகிறார்கள் என்றேன். இன்னொரு பராமரிப்பாளர் யார் என்று அவர் கேட்கவில்லை. பரிதி. விவாகரத்து மனுவில் இரண்டாவது பெயராக இருக்கிறதே.

மார்த்தாவின் மடல் எனக்கும் பரிதிக்கும் கெர்னலின் பாதுகாப்புக் குழுவுக்கும் மட்டும் வந்திருக்கிறது. மார்ச் 4 வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அதற்குள் திருத்தம் தயாராக வேண்டும், அன்று ஓட்டையும் திருத்தமும் ஒன்றாக வெளியாகும். முன்கூட்டியே கசிந்தால் திருடர்களுக்குத்தான் லாபம்.

பரிதி சேலத்துக்குப் போனதிலிருந்து எங்களுக்குள் தனிமடல் கிடையாது. பொது அஞ்சல் குழுவில் எழுதிக்கொள்வோம், ஆங்கிலத்தில், உலகமே படிக்கும்படி. அதில் எனக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

சிறுவாணித் தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஓட்டை இப்போது புரிகிறது. ஒருவர் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை சர்வர் அவருக்காக வைத்திருக்கும் கணக்குக்கு அமர்வு என்று பெயர். ஒரே ஆள் ஒரே அமர்வுக்குள் இரண்டு இணைப்புகளில் வரலாம். நாங்களே பெருமையோடு சேர்த்த வசதி. ஒரு இணைப்பில் அவர் வெளியேறினால் சர்வர் அந்த அமர்வை அழித்து, அது இருந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுகிறது. இன்னொரு இணைப்புக்கு அது தெரியாது. பழைய இடத்தையே தொட்டுக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை வெளியே இருக்கும் ஒருவன் தீர்மானித்தால் பெட்டி முழுவதும் அவன் கைக்குப் போய்விடும். கடவுச்சொல்கூட வேண்டாம்.

பரிதியிடமிருந்து ஒற்றை வரி. "நாளைக்குப் பேசலாமா?" தமிழில்.

பிப்ரவரி 12, புதன்

பேசினோம். குரல் கொஞ்சம் மாறியிருக்கிறது. சளியாக இருக்கலாம்.

"நல்லா இருக்கயா?" என்றான்.

"இருக்கேன். மார்த்தா அனுப்பின சோதனை நிரலை ஓட்டிப் பாத்தயா?"

"ஓட்டினேன். என்ற மெஷின்ல ஒண்ணும் ஆகறதில்லை."

என்னுடைய பழைய கணினியில் மூன்றாவது முறையே கெர்னல் விழுந்து கணினியே நின்றுவிட்டது. அது மெதுவான கணினி. இரண்டு இணைப்புகளுக்கு இடையே விழும் இடைவெளி அதில் பெரிது, அதனால் மாட்டுகிறது.

"அதைத் தூக்கிப் போடுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்" என்றான்.

"போடலை. இப்ப உதவுதில்ல?"

சிரித்தானா, தும்மினானா தெரியவில்லை. அதற்குப் பிறகு வேலையைப் பற்றி மட்டும் பேசினோம்.

பிப்ரவரி 15, சனி

சண்டை. வேலையைப் பற்றித்தான்.

அமர்வுப் பகுதி முழுவதையும் பிரித்து ஒழுங்காக எழுத வேண்டும் என்பது என் கட்சி. அவன் கட்சி, சின்ன ஒட்டு போதும். யாரெல்லாம் அமர்வைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு எண்ணிக்கை வைத்துக்கொள்வது. கடைசி ஆள் கையை எடுத்த பிறகுதான் அழிப்பது.

"இது பழைய கெர்னலுக்கெல்லாம் போகணும் கோதை. நீ வீட்டையே இடிச்சுக் கட்டறேன்னா எவன் அதை அங்கெல்லாம் ஒட்டுவான்?"

"ஒட்டுப் போட்டுப் போட்டுத்தான் இந்த நிலைமைக்கு வந்துருக்குது."

"அது சரி. ஆனா இப்ப அதுக்கு நேரமில்லை."

அவன் சொல்வதுதான் சரி. சரி என்று மடலில் எழுதினேன். போனில் சொல்லவில்லை.

மதியம் கேஸ் சிலிண்டர் வந்தது. வாஷிங் மெஷினில் போட்ட துணியெல்லாம் ஒரே கலராகி வெளியே வந்தது. சிவப்புத் துண்டைக் கவனிக்காமல் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மரகதம் அண்ணி கூப்பிட்டார். பரிதியின் அக்கா. ஈரோட்டில் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கிறார். பரிதி வீட்டை விட்டுப் போன பிறகும் மாதம் ஒரு முறை கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். அங்கே இருக்கும் கோப்புப் பெட்டி நான் கொண்டுபோய் வைத்தது. எங்கள் நிறுவனத்துப் பெட்டி, எங்கள் நிரல்.

"கண்ணு, இப்ப டாக்டருங்கல்லாம் வீட்ல இருந்துக்கிட்டே படம் பாக்கறாங்க தெரியுமா? நம்ம சபரி என்னமோ திறந்து உட்டிருக்கான். ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு ஒரே சந்தோசம்."

நான் வைத்தபோது பெட்டி சென்டருக்குள் மட்டும்தான் தெரியும். டெக்னீஷியன் சபரி அதை வெளி இணையத்துக்குத் திறந்துவிட்டிருக்கிறான். உள்ளே ஈரோடு மாவட்டத்தில் பாதிப் பேருடைய நுரையீரலும் முதுகெலும்பும் இருக்கின்றன.

"சபரி கெட்டிக்காரன்தானுங்க அண்ணி" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"கோர்ட்டுத் தேதி ஆறுதான, கண்ணு?" என்றார் கடைசியில்.

"ஆமாங்க."

"இன்னொருக்கா நெனச்சுப் பாக்கறதுன்னா இன்னும் நாளிருக்குது. நான் சொல்லலை. சும்மா சொல்றேன்."

பிப்ரவரி 18, செவ்வாய்

பரிதியிடம் சொன்னேன். "உங்க அக்கா சென்டர் பொட்டி வெளிய தெரியுது."

"தெரியும். மார்த்தா மெயில் வந்த அன்னைக்கே பாத்தேன்."

"பாத்துட்டுச் சும்மாவா இருக்கே?"

"என்ன பண்ணச் சொல்றே? அக்காவுக்குச் சொல்லலாம். அப்புறம் அதே மாதிரி தெரியற மத்த பொட்டிக்காரங்களுக்கு யார் சொல்றது? உலகத்துல எத்தனை ஆயிரம் இருக்கும்? ஒருத்தருக்குச் சொன்னா ரகசியம் போச்சு. மார்ச் நாலு வரைக்கும் யாரும் கண்டுபிடிக்காம இருந்தா எல்லாருமே தப்பிச்சாங்க."

"கண்டுபிடிச்சுட்டா?"

அவன் பக்கத்தில் ஏதோ ஒரு குக்கர் விசில் அடித்தது. அவனே சமைக்கிறான் போல.

பிப்ரவரி 20, வியாழன்

ஈரோட்டுக்குப் போய் வந்தேன். அலுவலகத்தில் பல் வலி என்று சொன்னேன்.

பொய் ஒன்றைத் தயாரித்துக்கொண்டுதான் போனேன். வருடாந்தர சர்வீஸ், மார்ச் நான்கு வரை வெளி இணைப்பைக் கழற்றி வைக்க வேண்டும் என்று. சபரி ஒப்புக்கொள்ளவில்லை.

"மேடம், டாக்டருங்க என்னைத் திட்டுவாங்க. சர்வீஸ்னா ஒரு மணி நேரம் போதாதுங்களா? ரெண்டு வாரம் எதுக்குங்க?"

அண்ணி என்னைத் தன் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"எளைச்சுப் போயிட்டே. அது இருக்கட்டும். என்ன விசயம்? உன்ற மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா எனக்கு?"

"சர்வீஸ்தானுங்க அண்ணி."

"சர்வீஸுக்கு நீ பஸ் ஏறி வருவயா? போன்ல சொன்னாச் சபரி பண்ணப் போறான்." என் கையைப் பிடித்தார். "இங்க படம் எடுக்கறவங்க என்னை நம்பித்தான் எடுக்கறாங்க. அதுல ஏதாவது பிரச்சனைன்னா எங்கிட்டச் சொல்லீரு."

சொல்லிவிட்டேன். முழுவதும் இல்லை. பெட்டிக்குள் ஓடுவதில் ஓட்டை, வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், திருத்தம் வரும் வரை வலையிலிருந்து கழற்றி வையுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். அவ்வளவுதான். அவ்வளவே போதும்.

அண்ணி வெளியே போய்ச் சபரியிடம் "கழட்டு" என்றார். எனக்கு எதிரிலேயே அவன் கேபிளைக் கழற்றினான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன். பத்தாம் தேதிக்குப் பிறகு இன்றுதான் தூக்கம்.

பிப்ரவரி 21, வெள்ளி

பரிதி எழுதிய ஒட்டுத் திருத்தத்தை என் கணினியில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் விழுகிறது. எங்கேயோ ஒரு வழியில் எண்ணிக்கையைக் கூட்டாமலே அமர்வைத் தொடுகிறோம். ஈரோட்டைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

எல்லாம் போயிற்று.

சபரியிடம் அண்ணி காரணம் சொல்லியிருக்கிறார். டாக்டர்கள் திட்டும்போது அவனுக்கு ஒரு பதில் வேண்டுமே. அவன் நல்ல பையன்; தன்னைப் போன்றவர்களும் தப்பிக்கட்டும் என்று ஸ்கேன் டெக்னீஷியன்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறான். "இந்த பாக்ஸ் வச்சிருக்கவங்க நெட்டைக் கழட்டிருங்க. உள்ள பெரிய ஓட்டை இருக்காம். செஞ்சவங்களே நேர்ல வந்து சொன்னாங்க." அதைப் பார்த்த ஒரு டீலர் இணையத்தில் பொது மன்றம் ஒன்றில் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டான்: கோப்புப் பகிர்வுப் பகுதியில் பெரிய ஓட்டையாமே, யாருக்காவது தெரியுமா? கீழே ஒருவன் எங்கள் நிரலைப் பிரித்துப் போட்டு, இங்கேயா, அங்கேயா என்று தேட ஆரம்பித்திருக்கிறான். மூன்றாவது பதிலிலேயே கிட்டத்தட்ட வந்துவிட்டான்.

மார்த்தா ஒரே வரியில் கேட்டிருந்தாள். யார்?

பரிதி கூப்பிட்டான். "ஈரோட்டுக் குரூப்புல இருந்து கிளம்பியிருக்குது. அக்கா சொன்னாங்களா? அவங்களுக்கு யார் சொன்னது?"

"நான்தான்."

"என்ற அக்காவுக்காகவா?" என்றான்.

"எனக்கும் அண்ணிதான்."

"சரி. பாதுகாப்புக் குழுவுக்கு நான் எழுதறேன். ரெண்டு பேர் தரப்புல இருந்தும் கசிஞ்சிருக்குன்னு போட்டுக்கலாம்."

"வேண்டா. நான் பண்ணினது. நானே எழுதறேன்."

எழுதினேன். யாரிடம் சொன்னேன், ஏன் சொன்னேன், எப்படிப் பரவியது. ஏன் என்ற இடத்தில் குடும்பத்தார் என்று போட்டேன். பிறகு அதை அழித்துவிட்டு எனக்குத் தெரிந்தவர் என்று போட்டேன். பிறகு மறுபடியும் குடும்பத்தார்.

மார்ச் 4 வரை காத்திருக்க முடியாது. புதன்கிழமையே வெளியிட வேண்டும். திருத்தம் இன்னும் என் கணினியில் விழுந்துகொண்டிருக்கிறது.

"அந்தப் பழைய மெஷின்லதான் மாட்டுது. போன்ல நீ படிச்சுச் சொல்லி நான் திருத்தி, ஆகற காரியமில்லை. நாளைக்குக் காலைல வர்றேன்" என்றான்.

வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். கரப்பான் தொல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலை பஸ்ஸுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா என்பது போல நின்றான். நாலு வருடம் இருந்த வீடு. "வா" என்றேன்.

தண்ணீர் குடிக்க டம்ளர் எங்கே என்று கேட்டான். அலமாரியை மாற்றி வைத்திருக்கிறேன்.

முதல் இரண்டு மணி நேரம் நன்றாகப் போனது. அவன் நிரலைப் படிக்க, நான் விழுந்த இடத்தின் தடயத்தைப் படித்தேன். அப்புறம் ஆரம்பித்தது.

"நீ எப்பவும் இப்படித்தான் கோதை. கண்ணு முன்னாடி இருக்கற ஒருத்தருக்குப் பண்ணீட்டாப் போதும். மத்தவங்க எப்படிப் போனாலும் சரி."

"நீ எப்பவும் இப்படித்தான். எல்லாருக்கும் ஒரே நியாயம்னு சொல்லிட்டு ஒருத்தருக்கும் ஒண்ணும் பண்ண மாட்டே. எங்கப்பா ஆஸ்பத்திரில இருந்தப்பவும் லீவு ரூல் பேசினே."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு வந்திருக்கணும்" என்றான். "அக்கா பொட்டி விசயத்துல மட்டும் நான் சொன்னதுதான் சரி."

"சரிதான். ஆனா சொல்லாம இருக்க என்னால முடியலை."

"தெரியும்."

இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன். எனக்கும் தொண்டை சரியில்லை.

மூன்று மணிக்கு மேல் அகப்பட்டது. ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பை இன்னொருவர் கேட்டால், முதலாமவர் விட்டுக்கொடுக்கும் வரை ஒரு வேலை காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு அமர்வைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் எண்ணிக்கையில் சேரவில்லை. அந்த இடத்தை நான் காட்டினேன். அவன் நாலு வரி எழுதினான். அதில் ஒரு வரியை நான் மாற்றினேன். சோதனையை ஓடவிட்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விழவில்லை. மறுபடி ஓட்டினோம். விழவில்லை.

"தூக்கிப் போடாம வச்சிருந்தது நல்லதாப் போச்சு" என்றான்.

இருட்டுவதற்குள் காந்திபுரம் போனால்தான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்று கிளம்பிவிட்டான். சாப்பிட்டுப் போ என்று சொல்லலாம் என்று நினைத்தேன். ஆட்டோ வந்துவிட்டது.

பிப்ரவரி 26, புதன்

வெளியிட்டோம். உலகம் முழுவதும் ஆட்கள் திருத்தத்தை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஈரோட்டுக்குப் போய் அண்ணியின் பெட்டிக்கு நானே திருத்தம் போட்டுவிட்டு, வெளியே திறந்திருந்த வழியையும் அடைத்தேன். டாக்டர்களுக்குப் பாதுகாப்பான வேறு வழி ஏற்பாடு செய்து கொடுத்தேன்.

மார்த்தா ஒரு பொறிச் சர்வர் வைத்திருக்கிறாள், திருடர்கள் வருகிறார்களா என்று பார்க்க. நேற்று மாலையே ஒருவன் அதில் இந்த வழியாக நுழையப் பார்த்திருக்கிறான். அப்படியானால் உண்மையான பெட்டிகளிலும் முயன்றிருப்பான். எத்தனையில், யாருடையதில், தெரியாது. நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்த ஒரு நாள் அவனுக்குக் கிடைத்திருக்காது.

பிப்ரவரி 28, வெள்ளி

பாதுகாப்புக் குழுவின் முடிவு வந்தது. கண்ணியமான மடல். இனி இந்தப் பகுதியில் ரகசிய ஓட்டைகள் வந்தால் பரிதிக்கு மட்டும் தெரிவிக்கப்படும். பராமரிப்பாளராக நான் தொடரலாம், வெளியான பிறகு எனக்கும் சொல்லப்படும்.

நியாயம்தான். "ஏற்கிறேன்" என்று எழுதினேன்.

பிறகு பால்கனிச் செடிகளுக்கு மண் கிளறிவிட்டேன். காலையில்தான் கிளறியிருந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

அண்ணி கூப்பிட்டார். சபரி அழுதானாம். அவனைத் திட்ட வேண்டாம் என்றேன். "என்னாலதான் கண்ணு உனக்கு இப்படியாச்சு" என்றார். இல்லை என்றேன். ஆறாம் தேதியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

குடும்பநல நீதிமன்றம். பதினோரு மணிக்கு மேல் கூப்பிட்டார்கள். பரிதி நீலச் சட்டை போட்டிருந்தான், இஸ்திரி மடிப்பு கழுத்தில் கோணலாக இருந்தது.

நீதிபதியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிக் கேட்டார். யாரும் வற்புறுத்தவில்லையே? இல்லை. மறுபடி யோசித்துப் பார்த்தீர்களா? யோசித்தோம்.

"ரெண்டு பேருக்கும் பொதுவா ஏதாவது இருக்கா? வீடு, நிலம், நகை, அந்த மாதிரி?"

"இல்லீங்க" என்றோம். ஒரே நேரத்தில் சொல்லிவிட்டோம். அவர் நிமிர்ந்து ஒரு முறை பார்த்தார்.

கையெழுத்துப் போட்டோம். அவ்வளவுதான்.

வெளியே வராந்தாவில் வக்கீலம்மா என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இரண்டு பேர் போனும் ஒன்றாக அதிர்ந்தன. பொது அஞ்சல் குழுவில் புகார். ஃபின்லாந்தில் ஒரு நூலகம். புதிய திருத்தம் போட்ட பிறகு வெளியேறியவர்களின் அமர்வுகள் போகாமல் குவிந்து, மாலைக்குள் சர்வர் நின்றுவிடுகிறதாம்.

"எங்கேயோ ரெண்டு தடவை கூட்டி ஒரு தடவைதான் கழிக்கறோம்" என்றேன்.

"லேப்டாப் இருக்குதா?"

இருந்தது. கோர்ட்டுக்கு எதற்கு எடுத்து வந்தேன் என்று அவன் கேட்கவில்லை. அவனும் கொண்டு வந்திருந்தான்.

எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்தோம். தேங்காய் பன் ஒன்று, டீ இரண்டு. பக்கத்து மேஜையில் கறுப்புக் கோட்டுக்காரர்கள் ஏதோ சொத்து வழக்கைப் பற்றிக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் தட்டச்ச, நான் தோளுக்கு மேலிருந்து படித்தேன். நான் மாற்றிய அந்த ஒற்றை வரிதான் தப்பு. சொன்னேன். "நானும் பாக்காமத்தான விட்டேன்" என்றான்.

திருத்தினோம். சோதிக்க வேண்டியது மட்டும் பாக்கி. அதற்கு வீட்டுக் கணினி வேண்டும்.

"நீ போய் ஓட்டிப் பாத்துச் சொல்லு. நான் பஸ்ல இருந்தே அனுப்பிடறேன்" என்றான்.

காந்திபுரம் வரை ஒரே ஆட்டோவில் போனோம். இறங்கும்போது கேட்டேன். "இனி ரகசியமா ஏதாவது வந்தா, எங்கிட்டச் சொல்ல மாட்டேதான?"

"மாட்டேன்."

"அண்ணிக்கும்?"

"அவங்களுக்கும்தான்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "ஆனா கஷ்டமா இருக்கும். முன்ன இருந்ததைவிட."

சேலம் பஸ் நிற்கும் பக்கம் போனான். பிறகு நான் டவுன் பஸ் ஏறினேன். வழியில் ஒரு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன். நடந்து வந்தேன்.

வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். அமர்வுகள் குவியவில்லை. விழவுமில்லை. "சரியாக இருக்கிறது" என்று அனுப்பினேன். சங்ககிரி தாண்டும்போது அவன் திருத்தத்தைப் பொதுக்குழுவுக்கு அனுப்பியிருக்கிறான்.

மார்ச் 7, வெள்ளி

ஃபின்லாந்து நூலகத்தில் சரியாகிவிட்டது. நன்றி சொல்லி எழுதியிருந்தார்கள்.

பழைய கெர்னல்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு போர்த்துகீசியப் பெண் குழுவில் கேட்டிருந்தாள். போன வாரம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். இனி இந்தப் பகுதியில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது, இருவரில் ஒருவரையா, இரண்டு பேரையும் தனித்தனியாகவா?

நான் வெகு நேரம் அந்த மடலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எழுதுவதற்குள் பரிதியின் பதில் வந்துவிட்டது. பொதுக்குழுவில், ஆங்கிலத்தில், எல்லோரும் படிக்கும்படி.

"எங்களில் யாரைக் கேட்டாலும் ஒன்றுதான். ஒருவர் விட்டதை மற்றவர் பார்ப்போம்."

அதன் கீழே நான் ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பினேன். ஆமாம்.